மூன்று கால், ஒரு வாட்ச்

ஜூன் 16

ஒட்டடைக்குச்சிக்கு,

வாட்ச் வந்து சேர்ந்தது. கூரியர்காரர் பெட்டியைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள என்னம்மா, உயிரோட இருக்கு?" என்றார். நீ அதை அணைக்காமல் அனுப்பியிருக்கிறாய். ஆறு மணி நேரப் பயணம் முழுக்க அது பெட்டிக்குள் படுத்துக்கொண்டு "எழுந்து நடங்கள்" என்று அதிர்ந்திருக்கிறது. அதோடு விட்டதா? லாரி குலுங்கியதையெல்லாம் சேர்த்து 3,112 அடி நடந்து வந்ததாகக் கணக்கு வேறு காட்டுகிறது. ஓசிப் பயணத்திலும் பெயர் வாங்கத் தெரிந்த ஜென்மம்.

வாட்ச் எந்தப் பக்கம் போனாலும் பெட்டிக்குள் ஒரு கடிதம் இருக்கவேண்டும் என்பது நம் சட்டம். இருந்தது. நாலு வரி. "நலம். பள்ளிக்கூடம் பெரியது. வெயில் அதிகம். பட்டையைக் கழுவி அனுப்புகிறேன்." அடிப்பாவி, மருந்துச் சீட்டில்கூட இதைவிட நாலு வார்த்தை கூடுதலாக இருக்கும். போனில் பேசலாம் என்றால் என் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு "சாப்டாளான்னு கேளு" என்கிறாள். உன் அம்மா அந்தப் பக்கம் "சாப்டேன்னு சொல்லு" என்கிறாள். நமக்கு அங்கே என்ன வேலை?

அதனால் உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வாட்சைப் படித்தேன். போன வருஷம் கம்பெனி விளையாட்டு நாளில் நலப்பிரிவு மேடம் பரிசுப் பட்டியலில் "மூன்று கால் ஓட்டம், முதல் பரிசு: 1" என்று எழுதப்போய், நம் இருவருக்கும் சேர்த்து ஒரே வாட்ச் வந்தபோது நான் அழுதேனே, இப்போது அந்த மேடத்துக்குக் கோயில் கட்டலாம் போலிருக்கிறது. இரண்டு வாரம் நீ, இரண்டு வாரம் நான் என்று மாறி மாறிக் கட்டுவதில் ஒரு லாபம் உண்டு. அது ஒன்றையும் மறப்பதில்லை. நீ தூங்கியது, ஏறியது, இறங்கியது, எல்லாம் அதன் வயிற்றில் இருக்கிறது.

இதுவும் இருக்கிறது: மாலை 5.10. நடை. 41 நிமிடம். 1.9 கிலோமீட்டர். திங்கள் முதல் வெள்ளி வரை.

உன் கால் நீளத்துக்கு அந்தத் தூரம் இருபது நிமிஷம். பல் விளக்கிக்கொண்டே நடந்தாலும் இருபத்தைந்து. மெதுவாக நடக்கும் யாருக்காகவோ நீ மெதுவாக நடக்கிறாய். எனக்காக ஒரு நாளாவது மெதுவாக நடந்திருக்கிறாயா? நாலு வருஷம் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடி ஓடித்தான் நான் ஓட்டக்காரி ஆனேன்.

வாட்சின் கெட்ட குணம் இங்கேதான். அடி சொல்கிறது, ஆள் சொல்ல மாட்டேன் என்கிறது.

யாருடி அது?

இந்த வருஷம் ஆகஸ்டில் நடக்கும் ஓட்டத்துக்கான படிவம் ஜூலை பத்தாம் தேதி நாலு மணிக்குள் நலப்பிரிவில் இருக்கவேண்டும். கம்பெனியின் எந்த யூனிட் மேசையில் கொடுத்தாலும் சரியாம். இருவர் கையெழுத்தும் வேண்டும். பதினாறு வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு மட்டும் என்பதால் நமக்கு இதுதான் கடைசி ஓட்டம். படிவம் என்னிடம் இருக்கிறது. முதலில் பதில்.

முக்கால்

---

ஜூன் 23

முக்காலுக்கு,

வாட்ச் இல்லாமல் கடிதம் போடக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன்.

நாலு வரி எழுதியது உண்மைதான். அதற்கு மேல் எழுதினால் நீ அதைக் குவார்ட்டர்ஸ் முழுக்க என் குரலில் நடித்துக் காட்டுவாய். இந்த ஊருக்கு அப்பாவுக்கு மாற்றல் வந்த அன்று நான் அழுததை நீ நடித்துக் காட்டியதாக உன் அம்மாவே போனில் சொன்னார்கள். நன்றாக இருந்ததாம்.

இங்கே வீடு இரண்டாவது மாடி. முதல் வாரம் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஒரே நாளில் முப்பத்தெட்டு வாளி தூக்கி ஏறினேன். வாளி தூக்கும் கை அசையாது அல்லவா, உன் அருமை வாட்ச் அன்றைக்கு, "இன்று சற்று ஓய்வாக இருந்தீர்கள். நாளை முயலுங்கள்" என்றது. இதை நம்பித்தான் நீ என்னை விசாரிக்கிறாய்.

நடக்கிறேன். அது உண்மை. எங்களுக்கு மேல் மாடி வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், என் வகுப்பு. பழைய கிடங்குக்குப் பின்னால் ஒரு காலி இடம் இருக்கிறது. பள்ளி விட்டதும் அங்கே போகிறோம். ஏன் மெதுவாக என்பதை நேரில் பார்க்கும்போது சொல்கிறேன். எழுதினால் நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்வாய்.

(இங்கே நான் அடித்திருக்கும் இரண்டு வரிகளைப் படிக்க முயலாதே.)

படிவத்தை வாட்சோடு சேர்த்து அனுப்பு. கையெழுத்துப் போட்டு இங்கேயே கொடுத்துவிடுகிறேன்.

ஒ. கு.

---

ஜூலை 2

ஒட்டடைக்கு (இனி குச்சி கிடையாது, உரிமை குறைக்கப்படுகிறது),

அடித்த வரிகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "அவளுக்கு உன்" என்பது வரை தெரிகிறது. அவளுக்கு உன் என்ன? உன் வாட்சா, உன் நேரமா, உன் சைக்கிளா? பாதி வாக்கியத்தை மென்றுகொண்டு ஐந்து நாள் சாப்பாடே இறங்கவில்லை. (இறங்கியது. ஆனால் ருசிக்கவில்லை.)

மாடி வீட்டுப் பெண். நல்லது. மாடியில் இருப்பவர்கள் மெதுவாகத்தான் இறங்கி வருவார்கள்.

உனக்கு ஒரு நற்செய்தி. எனக்கும் ஓட்டத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. பெயர் சொல்ல மாட்டேன், நீ சொன்னாயா? கொஞ்சம் அமைதியான ஆள், அதிகம் பேசாது, நான் சொல்வதையெல்லாம் கேட்கும். உனக்கு நேர் எதிர். தினமும் மாலை 5.10. (உன் நேரமேதான். தற்செயல்.) ஆறு கிலோமீட்டர். மூச்சே வாங்குவதில்லை. நீ நம்ப மாட்டாய், வாட்சையே திறந்து பார். எட்டாயிரம் அடியைத் தாண்டியதும் திரையில் வாண வேடிக்கை விட்டு "பிரமாதம்!" என்கிறது. நாலு வருஷத்தில் உன் வாயிலிருந்து அந்தச் சொல் ஒரு தடவையாவது வந்திருக்கிறதா?

என் வீட்டில் இப்போது ஒரு நாளைக்கு எட்டாயிரம் அடி. அம்மாவிடம் வாங்குவதையும் சேர்த்தால் எட்டாயிரத்து ஒன்று.

படிவத்தை எங்கேயோ வைத்துவிட்டேன். தேடிப் பார்க்கிறேன். உனக்கென்ன, அவசரமா?

முக்கால்

---

ஜூலை 11

முக்காலுக்கு,

வாட்ச் ஐந்தாம் தேதி வந்தது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். படிவம் இல்லை.

ஆறு நாள். ஆறு ஓட்டம். ஒவ்வொன்றும் ஆறு கிலோமீட்டர். என்னோடு ஓடும்போது நாலாவது கிலோமீட்டரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "செத்தேன், என் செருப்பை ஏழைக்குக் குடு" என்று தரையில் உட்காருவாய். நான் நின்று உனக்காகக் காத்திருப்பேன். மெதுவாக நடந்ததில்லை என்கிறாய். நின்றிருக்கிறேன். வாட்சுக்கு முந்தைய காலம், எதிலும் பதிவாகவில்லை.

அம்மா என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு நல்லா தேறிட்டாளே" என்றாள். எனக்கு வாட்சைத் தூக்கித் தண்ணீர் வாளியில் போடவேண்டும் போலிருந்தது. ஐம்பது மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. போட்டும் பயனில்லை.

இப்போது சொல்கிறேன். நான் அடித்த வரி இதுதான்: "அவளுக்கு உன் உயரம்." அதனால்தான் அவளைக் கேட்டேன். கிடங்குக்குப் பின்னால் என் இடது காலையும் அவளுடைய வலது காலையும் ஒரு பழைய துண்டால் கட்டிக்கொண்டு நடந்தோம். நாற்பத்தொரு நிமிடம் ஆகும், ஆமாம். கட்டிய காலோடு நடந்தால் அவ்வளவுதான் முடியும். கையில் கட்டிய வாட்சுக்குக் காலில் கட்டியது தெரியவில்லை. உன்னோடு ஆகஸ்டில் ஓடும்போது எனக்குப் பழக்கம் விட்டுப்போய்விடக் கூடாது என்று பழகினேன். பந்தயத்துக்குத் தான் வரப்போவதில்லை என்று தெரிந்தும் அவள் தினமும் வந்தாள்.

பத்தாம் தேதி மூன்று மணி வரை தபால்காரருக்காக வாசலில் நின்றேன். மூன்றரைக்கு இந்த யூனிட் மேசையில் படிவம் வாங்கினேன். நானும் அவளும் கையெழுத்துப் போட்டோம்.

உனக்குத்தான் ஆள் இருக்கிறதே. நன்றாக ஓடு.

ஒ. கு.

---

ஜூலை 16

என் ஒட்டடைக்குச்சியே, குச்சியே, குச்சியே (மூன்று தடவை, உரிமை திரும்ப ஒப்படைக்கப்படுகிறது),

இது வாழைப்பழத்தின் சார்பில் எழுதப்படும் கடிதம்.

வாட்சை எடு. அந்த ஆறு ஓட்டத்தில் ஏதாவது ஒன்றைத் திற. அடிக்கணக்கைப் பார்க்காதே, கீழே தள்ளு, நாடித் துடிப்பு என்று ஒரு கட்டம் வரும். ஆறு கிலோமீட்டரும் 78. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மனுஷ ஜென்மம் அப்படி ஓடாது.

தம்பிப் பாப்பாவைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது மாலையில் என் வேலை. தொட்டில் கயிற்றில் வாட்சைக் கட்டினேன். ஆட்ட ஆட்ட அடி ஏறியது. ஆனால் இரண்டு நிமிஷத்தில் "கையில் அணியவில்லை" என்று நின்றுவிட்டது. சரி, சதை கேட்கிறது என்று ஒரு வாழைப்பழத்தில் சுற்றி, பழத்தைக் கயிற்றில் கட்டினேன். உடனே பச்சை விளக்கு எரிந்து நாடி பிடித்துவிட்டது. வாழைப்பழத்துக்கு 78. அம்மாவுக்கு வைத்துப் பார்த்தேன், 84. எங்கள் வீட்டிலேயே நிம்மதியான ஆள் அந்தப் பழம்தான். அதிகம் பேசாது, சொல்வதைக் கேட்கும் என்று எழுதினேன் அல்லவா, அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆறாம் நாள் அப்பா அதைச் சாப்பிட்டுவிட்டார்.

நீ போன பிறகு நான் ஓடவே இல்லை. மூணு கால் ஓட்டத்தைத் தனியாக எப்படிப் பழகுவது? ஒரு நாள் துடைப்பத்தோடு காலைக் கட்டிப் பார்த்தேன். மொட்டை மாடியில் முகம் குப்புற விழுந்தேன். வாட்ச் அதிர்ந்து, "விழுந்துவிட்டீர்களா?" என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். "உதவி வேண்டுமா?" என்றது. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் வேண்டாம் என்று அழுத்தினேன்.

படிவம் தொலையவில்லை. என் கணக்குப் புத்தகத்துக்குள்தான் இருந்தது. நீ கெஞ்சி ஒரு கடிதம் போடுவாய் என்று வைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை நீ கெஞ்சிப் பார்க்க ஆசை. அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்த அன்றே நலப்பிரிவுக்கு ஓடினேன். (நிஜ ஓட்டம். வாட்ச் இல்லாததால் சாட்சி இல்லை.)

"ரெண்டு பேரு கையெழுத்துப் போட்ட படிவம்மா. அவங்க ரெண்டு பேரும் சொன்னாத்தான் மாத்த முடியும். நீ யாரு இதுல?"

"நான்தான் மேடம் அந்த மூணாவது கால்."

"மூணு காலும் ஏற்கெனவே இருக்கு. நீ நாலாவது. கிளம்பு."

அவளிடம் சொல்லேன். ஒரு கையெழுத்துதானே. நான் வேண்டுமானால் அவளுக்குக் கடிதம் போடுகிறேன், மரியாதையாக, "அவர்களே" என்றெல்லாம் போட்டு.

இன்னொன்று. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. வலது கால் என்று எழுதியிருந்தாயே. அவளுடைய வலது கால், உன்னுடைய இடது கால். அது என் பக்கம். வேறு பக்கமே கிடைக்கவில்லையா உனக்கு?

முக்கால்

---

ஜூலை 25

முக்காலுக்கு,

78 பார்த்தேன். சிரித்தேன். அம்மா என்னவென்று கேட்டாள், சொன்னேன், அவளும் சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கோபப்பட்டேன். தொலைந்தது என்று நீ சொன்ன படிவத்துக்காக நான் மூன்று மணி வரை வாசலில் நின்றிருக்கிறேன்.

மாற்ற மாட்டேன்.

இதை எழுதிவிட்டு அரை மணி நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். இப்போதும் அதேதான்.

உனக்கு அவளைத் தெரியாது. விளையாட்டு வகுப்பில் எல்லோருடைய பைகளையும் காவல் காத்துக்கொண்டு சுவரோரம் நிற்கிறவள். யாரும் நிற்கச் சொல்லவில்லை, கூப்பிடவும் இல்லை. படிவம் போட்ட மறுநாள் கேன்வாஸ் ஷூ வாங்கியிருக்கிறாள். அவளுடைய அப்பா பந்தயத்தைப் பார்க்க வேண்டும் என்று ஷிப்ட் மாற்றி வாங்கியிருக்கிறார். இன்று படிக்கட்டில் என்னை நிறுத்தி, "பொண்ணுக்கு எண்ணெய் தேய்ச்சு உருவி விடணுமா, கால் நல்லா ஓடுமா?" என்று கேட்டார். இப்போது அவளை என்னால் அவிழ்த்துவிட முடியாது.

பக்கத்தைப் பற்றிக் கேட்டாய். முதல் நாள் அவளேதான் கேட்டாள். "உன் ஃப்ரெண்டு எந்தப் பக்கம் நிப்பா? நானும் அங்கயே நின்னுக்கிறேன். அப்பதானே அவ வந்தா உனக்குச் சரியா இருக்கும்?" அதனால்தான் உன் பக்கம்.

நான் இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். உன்னிடம் சொல்லப் பயந்தேன். அது என் தப்பு. படிவம் உன் தப்பு. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்கு இப்போது தெம்பில்லை.

வாட்சை இத்துடன் அனுப்புகிறேன். ஆகஸ்டில் திருப்பி அனுப்ப வேண்டாம், நீயே கட்டிக்கொள். ஒரு தடவை சார்ஜ் போட்டால் எட்டு நாள் நிற்கிறது, தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆவதில்லை, காலையில் நாடியைச் சரியாகத்தான் சொல்கிறது. நல்ல பொருள்தான். அதில் உன்னைத் தேடியது நான்தான்.

ஆகஸ்ட் இருபத்து நாலாம் தேதி பந்தயம் பார்க்க வருவாய்தானே?

ஒ. கு.

---

ஆகஸ்ட் 26

ஒட்டடைக்குச்சிக்கு,

நேற்று முன்தினம் மைதானத்தில் நாம் பேசியது மொத்தம் இரண்டு வாக்கியம். "வந்துட்டியா?" "வந்துட்டேன்." அதையும் கூட்டத்தில் பாதி யாரோ தின்றுவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

இரண்டாம் பரிசுக்கு வாழ்த்துகள். இந்த வருஷம் டிபன் டப்பா இரண்டு வந்திருக்கிறது பார், மேடம் திருந்திவிட்டார்.

நான் ஓடவில்லை என்பது உனக்குத் தெரியும். என்ன செய்தேன் என்பது பாதிதான் தெரியும். ஓட ஆளில்லாதவர்களுக்கு மேடம் வேலை கொடுத்தார். கையில் நீலப் பட்டி, பையில் எட்டுத் துண்டு. எட்டு ஜோடிக்கும் கால் கட்டிவிடும் உத்தியோகம். நானாகக் கேட்டு வாங்கியது. "இவளா? இவ கட்டினா உருப்படுமா?" என்று அப்பாவே சந்தேகப்பட்டார். "கட்டறதுல என்னப்பா இருக்கு" என்றேன்.

நீங்கள் ஐந்தாவது ஜோடி. கீழே குனிந்தபோது எனக்குத் தெரிந்தது இரண்டு கால்தான். உன் இடது, அவள் வலது. புது கேன்வாஸ் ஷூ, விலைச்சீட்டுப் பசை இன்னும் போகவில்லை. அவள் மெல்லக் குனிந்து, "நீதானே முக்கால்? ரொம்ப இறுக்காத. அவளுக்குக் கணுக்கால்ல ஒரு தழும்பு இருக்கு, உரசினா வலிக்கும்" என்றாள்.

எனக்குச் சொல்கிறாள்! அந்தத் தழும்பு எங்கிருந்து வந்தது? நான் ஓட்டிய சைக்கிளில் நீ பின்னால் உட்கார்ந்து வந்து, சக்கரத்தில் காலை விட்டு வந்தது. அது என் தழும்பு. என் தழும்பைப் பற்றி எனக்கே பாடம்.

அந்த நேரத்தில் கையிலிருந்த வாட்ச் அதிர்ந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "ஓட்டத்தைத் தொடங்கிவிட்டீர்களா?" என்று கேட்டது. நாடி 141.

பிறகு நான் போட்டது பார்வைக்கு முடிச்சு, நாலாவது அடியில் தானாகக் கழன்றுவிடும். நுனியை உள்ளே மடித்து மறைத்தும் வைத்தேன். போட்டுவிட்டு நிமிர்ந்தால், அவள் "தேங்க்ஸ்" என்றாள்.

ஆறாவது ஜோடிக்குக் கட்டினேன். ஏழு. எட்டு. விசில்காரர் விசிலை வாயில் வைத்துவிட்டார். அதற்குமேல் கால் தானாகவே ஓடியது. நடுவில் புகுந்து உங்கள் காலடியில் உட்கார்ந்து பிரித்து, இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். தழும்புக்கு மேலே, உரசாமல்.

"ஏம்மா, உனக்கு வேற வேலை இல்லையா?" என்று விசில்காரர் கத்தினார். "இல்ல சார், இதான் வேலை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய்.

நீ வேடிக்கை என்று நினைத்திருப்பாய். வேடிக்கை இல்லை. முதலில் போட்டது உங்களை விழவைக்கப் போட்டது. சொல்லாமல் விட்டிருந்தால் உனக்குத் தெரியவே போவதில்லை. வாட்சை அனுப்புகிறேன். 4.20-க்கு ஒரு 141 இருக்கும். நீ பார்த்துவிட்டு யாரோடு ஓடினேன் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

திட்டி எழுது. நாலு வரியில் வேண்டாம்.

முக்கால்

---

செப்டம்பர் 3

முக்காலுக்கு,

வாட்ச் வந்தது. அணைத்து அனுப்பியிருக்கிறாய்.

எனக்கு அப்போதே தெரியும்.

வகுப்பில் எத்தனை பேருடைய ஷூ நாடாவை மேசைக்காலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறாய், எல்லாவற்றையும் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தவள் நான். நிஜமாகக் கட்டும்போது நீ நாக்கைக் கடித்துக்கொள்வாய். கழன்றுபோகக் கட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாய். ஐந்தாவது ஜோடியில் நீ மூச்சே விடவில்லை.

நீ ஆறாவது ஜோடிக்குப் போன பிறகு நானே குனிந்து பிரித்துக் கட்டியிருக்கலாம். நேரம் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்து, "என்ன, இறுக்கமா இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் குனிந்திருந்தால் நீ திரும்பிப் பார்த்திருப்பாய், உன்னை நம்பவில்லை என்று உனக்குத் தெரிந்துபோயிருக்கும். அதனால் நேராக நின்றேன். ஏழாவது ஜோடி முடிந்தது. எட்டாவது முடிந்தது. விசில் வாய்க்குப் போனபோது அவள் இடுப்பைச் சுற்றியிருந்த கையை இறுக்கினேன். அவள் அது பயம் என்று நினைத்துக்கொண்டு என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நீ வந்திராவிட்டால் விழுந்திருப்போம். அவளுடைய அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதற்காக உன்னோடு வாழ்நாளுக்கும் பேசியிருக்க மாட்டேன். ஆனால் ஏன் விழுந்தோம் என்று யாரிடமும் சொல்லியிருக்கவும் மாட்டேன்.

அவளுக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. அவசரத்தில் கழன்றுபோகாமல் இருக்க நீ ஓடி வந்து கட்டிக்கொடுத்ததாக அவள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும். அவளிடம் எதையும் நான் மறைப்பதில்லை. இதை மட்டும் சொல்லப்போவதில்லை. இதற்குள் நீயும் நானும் மட்டும்தான்.

ஒட்டடைக்குச்சி